யாருக்குக் கேக்கணும்?

சென்னைக்கு மூன்று நிமிடம் டிரங்க் கால் போட்டு, "அந்த எட்டு இஞ்ச் ஸ்பீக்கர எடுத்து ரிசீவர்கிட்ட வச்சுப் பாட விடுங்க, நான் கேட்டுக்கிடுதேன்" என்று சொன்ன மனிதர் ஒருவரைத்தான் என் சர்வீசில் கண்டிருக்கிறேன். கண்டிருக்கிறேன் என்று சொல்வதும் தப்பு. அப்போது குரலைக் கேட்டதோடு சரி. நான் ராஜபாளையம் எக்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளின் நடுவில் யார் வெளியூருக்குப் பேச வேண்டுமானாலும் எங்களிடம் நம்பரைச் சொல்லிப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். அவர்கள் பேசுவதை நாங்கள் கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்காமல் இருந்தவள் எவளும் எங்கள் செக்‌ஷனில் கிடையாது.

சென்னைக் கடைக்காரர், "போன்ல கேட்டு ஸ்பீக்கர் வாங்குறதுக்கு உனக்கென்னய்யா கிறுக்கா?" என்றார். இவர் விடவில்லை. கடைசியில் அந்தப் பக்கம் என்னவோ பாடியது. தகர டப்பாவில் மிளகைப் போட்டு உலுக்குவது மாதிரி இருந்தது எனக்கு. இவரோ ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "அக்கா, லைன்ல இருக்கீகள்ல? நீங்க மூச்சு விடுதது நடுவுல நடுவுல கேக்குது. ஒரு செத்த நேரம் நிப்பாட்டிக்கிடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டென்று, லைனில் கேட்பதற்கான போர்டுச் சாவியை மேலே தள்ளிவிட்டு, பக்கத்துச் சீட்டுக்காரி என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, விக்கல் என்றேன். ஒட்டுக் கேட்டு மாட்டிக்கொண்டேன் என்று நானே எப்படிச் சொல்வது? அவர் புகார் கொடுத்துவிடுவாரோ என்று ஒரு வாரம் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் நடமாடினேன். புகார் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் சென்னைக்குத்தான் கால் வந்தது. "அக்கா, அந்த ஸ்பீக்கர வேண்டாம்னு சொல்லிட்டேன், கொரலு மூக்கால வருது" என்று நான் கேட்காமலே சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவர் தெரிந்தவர் ஆகிவிட்டார்.

பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதினால், "எனக்கு எதுக்குக்கா விளம்பரம்?" என்று சண்டைக்கு வரக்கூடிய ஆள். பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஒரு சந்தில் கடை. போர்டு கிடையாது. வாசலில் கால் வைக்க இடமில்லாமல் ஆம்ப்ளிபயர்கள் வயிறு திறந்து கிடக்கும். மேஜைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் படுத்திருக்கும். கடையில் என்ன சத்தம் போட்டாலும் அது அசையாது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அதனால் மைக் டெஸ்ட் பண்ணுகிறபோது ஊரெல்லாம் ஒன், டூ, த்ரீ என்றால் இவர் மட்டும் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்பார். சட்டைப் பையில் டெஸ்டரும் ஒரு பென்சில் பேட்டரியும் எப்போதும் இருக்கும். அந்தப் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டு எடுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று அதிலேயே சொல்லிவிடுவார்.

ஸ்பீக்கர் கட்டித் தரச் சொல்லி யார் போனாலும் ஹால் எத்தனை அடி என்று கேட்க மாட்டார். எத்தனை வாட்ஸ் வேண்டும் என்றும் கேட்க மாட்டார். முதல் கேள்வி, "யாருக்குக் கேக்கணும்?" என்பதுதான். வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். இது என்ன கேள்வி, எல்லாருக்கும்தான் என்பார்கள். "எல்லாருக்கும்னு ஒரு ஆளு கெடையாது. சரியாச் சொல்லுங்க" என்பார்.

நாங்கள் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். நானும் வீட்டுக்காரரும் தினம் பஸ் ஏறி ராஜபாளையம் போய் வருவோம். எங்கள் தெரு முனையில் ஒரு பால்கோவாக் கடை. அந்த முதலாளி வாசலில் ரெண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டால் கூட்டம் நிற்கும் என்று நினைத்து இவரைக் கூப்பிட்டார். இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ரோட்ல போறவனுக்குத்தான்ப்பா, வேற யாருக்கு?"

"ரோட்ல போறவன் ஒரு நிமிசத்துல போயிருவான். உள்ள விடிஞ்சதுல இருந்து வெறகு அடுப்புக்கிட்ட நின்னு கிண்டுதாரே, அவருக்கு?"

முதலாளி பதில் சொல்வதற்குள் ஒரு ஸ்பீக்கரை வாசலிலும் இன்னொன்றை அடுப்புக்கு எதிர்ச் சுவரிலும் அடித்துவிட்டார். நான் அப்போது கால் கிலோ வாங்க நின்றுகொண்டிருந்தேன். "நான் பால்கோவா விக்கவா, இல்ல கிண்டுறவனுக்குக் கச்சேரி வைக்கவா?" என்று முதலாளி குதித்தார். ஒரு மாதம் கழித்து அதே மனிதர் என்னிடம், "பாட்டு ஓடுனதுல இருந்து அடிப்பிடிக்கிறது கொறஞ்சிருக்குங்க" என்றார். அதை அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்றேன். சொன்னால் அடுத்து மாட்டுக் கொட்டகைக்கு ஒரு ஸ்பீக்கர் என்று வருவான் என்றார்.

அவர் முகத்தை நான் முதலில் பார்த்தது இதற்கெல்லாம் முன்னால், ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு. அந்தக் கூட்டத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் காணாமல் போகும். மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். குழாய் ஸ்பீக்கர்களை எல்லாம் ரத வீதியைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். ஒன்றை மட்டும் ஒருத்தர் கழற்றித் திருமுக்குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே நின்ற காண்டிராக்டர், "குளத்துக்கு எதுக்குவே கொழாயி? மீனு கேக்கவா?" என்று கத்தினார்.

மேலேயிருந்து பதில் வந்தது. "புள்ளையக் காணோம்னா ஆத்தாக்காரி மொதல்ல எங்க ஓடுவா? தண்ணிக்குத்தான ஓடுவா. அவளுக்குக் கேக்கணும்ல?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண், அவர் சொன்ன மாதிரியே குளத்துப் படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பச்சைச் சட்டை போட்ட பையன் மைக் மேடையில் இருக்கிறான் என்று குழாய் சொன்னதும் சேலை நனைந்தது தெரியாமல் ஓடினாள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் போய், "தம்பி, எங்க எக்சேஞ்சு வழியா அடிக்கடி சென்னைக்குப் பேசுதது நீங்கதான?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்காவா? இப்ப தாராளமா மூச்சு விட்டுக்கிடுங்க" என்றார்.

இந்தக் குணத்தால் நஷ்டப்பட்டதும் உண்டு. செட்டியார்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் போடப் போனவர், முன் வரிசைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஸ்பீக்கரைக் கொண்டுபோய்ப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டார். சோபாவில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கு நாதஸ்வரம் சரியாகக் கேட்கவில்லையாம். மறுபடி அந்த வீட்டுப் படியை மிதிக்க முடியவில்லை. ஏன் தம்பி இப்படி என்று கேட்டேன். "முன்னாடி இருந்தவுக பூராவும் பேசிக்கிட்டுல்லக்கா இருந்தாக. கேக்கணும்னு ஆசப்பட்டவுக பின்னாடி அண்டா தேச்சுக்கிட்டு இருந்தாக" என்றார். கொஞ்சம்கூட வருத்தமில்லை. இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றுகிற ரிங் பிரேம் மிஷின்களுக்கு பிட்டர். நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் கிடையாது. பதிலும் கிடையாது. நான் அடுப்படியிலிருந்து பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வந்தால் அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பேசினால் சிரித்துச் சிரித்துப் பேசுவார். பஸ் கண்டக்டரிடம் பேசுவார். நான் கூப்பிட்டால் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், பாலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பால் பொங்கி, பாத்திரம் கரிந்து, வீடு முழுக்கப் புகை. இவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை என்றால் நம்புவீர்களா?

நாள் முழுக்க யார் யாருக்கோ லைன் போட்டுக் கொடுக்கிறவளுக்கு, சொந்த வீட்டில் லைன் கிடைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் என் தொண்டை தடித்துப்போனதுதான் மிச்சம். தெருவில் எனக்கு வெண்கலத் தொண்டைக்காரி என்று பெயர். மதிக்காத மனிதனோடு எதற்கு மாரடிக்க வேண்டும் என்று ஒரு கட்டத்தில் தோன்றிவிட்டது. திருநெல்வேலிக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் கைப்பையில் வைத்திருந்தேன். மகள் பத்தாவது எழுதி முடித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே போயிருப்பேன்.

அந்த நேரத்தில்தான், தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம், இவர் மில் ஆட்களோடு மதுரைக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தார். சுற்றிலும் சத்தம் வருகிற புதுத் தியேட்டராம். வந்ததும் வராததுமாக, "நம்ம வீட்ல ஹோம் தியேட்டர் போட்டுருவோம்" என்றார். மிக்சி வாங்க ஆறு மாதம் யோசித்தவர் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பேச்சைக் கேட்க ரெண்டு காதும் இல்லை, படத்தைக் கேட்க அஞ்சு ஸ்பீக்கரா என்று கத்தினேன். அவர் பாட்டுக்குச் சுவரில் ஸ்பீக்கருக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் குதித்தாள் என்பதற்காக மூன்று பேரும் ஸ்பீக்கர்த் தம்பி கடைக்குப் போனோம். இந்தத் தடவை கேள்வி என் வீட்டுக்காரருக்கு. "யாருக்குக் கேக்கணும் அண்ணாச்சி?"

இவர் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத்தான்" என்றார்.

பக்கத்தில் பெண்டாட்டியும் பிள்ளையும் நிற்கிறோம். எனக்குத்தானாம். மனு கைப்பையில்தான் இருந்தது; அங்கேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

ஸ்பீக்கர் பொறுக்கியது ஒரு கூத்து. தம்பியிடம் டெஸ்ட் பண்ண ஒரு கேசட் உண்டு, அவரே பதிந்தது. அதில் பாட்டு கிடையாது. பால்கோவாச் சட்டியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம், பஸ் ஸ்டாண்டு விசில், கண்ணாடி வளையல் குலுங்குவது, ஒரு அம்மாள் தயிர்க்காரியோடு சண்டை போடுவது. இதெல்லாம் சரியாகக் கேட்டால் எந்தப் படமும் சரியாகக் கேட்கும் என்பது அவர் கட்சி. நான் தயிர்க்காரியை வைத்து எடை போட்டேன், என் பிழைப்பு குரல்தானே. நாலாவது ஜோடியில் சண்டை எதிரில் நடப்பது போலவே இருந்தது. மகளுக்கும் அதுதான் பிடித்தது. இவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. வளையல் எங்கே, ஒன்றையும் காணோமே என்றார். கடைசியில், தடதடவென்று அதிர்கிற சப்ஊஃபர் பெட்டியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுதான்ப்பா சுத்தமா ஓடுது" என்றார். தம்பியோ அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்கு வந்து மாட்டினார். நான் ஸ்பீக்கர்களுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து வைத்திருந்தேன். டிவிக்கு, ரேடியோவுக்கு எல்லாம் உறை போடுகிறவர்கள்தானே நாங்கள். "அக்கா, ஸ்பீக்கருக்குப் பாவாடை கெட்டாதீக, கொரலு உள்ளயே நின்னுபோவும்" என்று உருவிப் போட்டார். பிறகு எங்களை அவரவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்காரச் சொன்னார். இவர் மர நாற்காலியில். மகள் தரையில், சுவரில் சாய்ந்து.

"அக்கா எங்க உக்காருவீக?"

"நான் எங்க உக்கார? அடுப்படியில நிப்பேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, ஹால் மூலைகளில் குத்தவைத்துக் கை தட்டித் தட்டிப் பார்த்தார். டிவிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று, பேச்சுக்கென்று டிவி தலைமேல் ஒன்று, பின் சுவரில் ரெண்டு, மூலையில் சப்ஊஃபர். படத்தைப் போட்டார். பின்னால் மழை கொட்டியது. மகள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள், அத்தனை நிஜமாக இருந்தது.

இவர் மட்டும், "பின்னாடி ரெண்டும் ஓடலயே" என்றார்.

ஓடுகிறதே என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னேன். ஓடவில்லை என்றார். தம்பி பென்சில் பேட்டரியை எடுத்து டப், டப் என்று தொட்டுக் காட்டினார். ஒயரை மாற்றினார். கடைக்குப் போய் வேறு ஜோடி கொண்டுவந்தார். மறுபடியும் மழை, மறுபடியும் ஓடவில்லை. மூன்றாவது ஜோடிக்கு என் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. கோபமே வராத மனிதர், "தெரிஞ்ச ஆளுன்னு வந்ததுக்கு என்னைய ஏமாத்தப் பாக்குதியா?" என்று கேட்டுவிட்டார்.

தம்பி படத்தை நிறுத்தினார். இவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். சாதாரணமாக, நானும் நீங்களும் பேசுகிற குரலில், "அண்ணாச்சி, ஒங்க சட்டைக் காலர்ல பூரான் ஏறுது" என்றார்.

நான் அலறிக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இவர் அசையவில்லை. என்னடா இவள் ஓடிவருகிறாள் என்று என்னைப் பார்த்தார். தம்பி காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். உடனே இவர் திரும்பி, "என்ன தம்பி?" என்றார்.

பூரான் ஒன்றும் இல்லை. தம்பி என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீக. எங்க கடை நாயி இருக்கே, அதுவும் இப்பிடித்தான். வெள்ளக் குட்டியள்ல சிலதுக்குப் பொறவியிலயே காது கேக்காது. கூப்பிட்டா வராது, தரைய மிதிச்சா வரும். ரொம்ப நாளு நானும் அதத் திமிரு பிடிச்ச நாயின்னுதான் நெனச்சேன்."

"எம் புருசனயும் நாயயும் ஒண்ணாச் சேத்துப் பேசுதியா?" என்று கரண்டியை எடுத்துவிட்டேன்.

எடுத்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. பால் பொங்கிய நாள் ஞாபகம் வந்தது. நான் பேசாமல் இருந்த ரெண்டு நாள் ஞாபகம் வந்தது. மில்லில் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். "அந்தச் சத்தத்துல யாருக்குக்கா காது கேக்கும்? அங்க எல்லாருமே வாயப் பாத்துத்தான் பேசிக்கிடுதாக" என்றார். எதிரில் நிற்கிற கண்டக்டரின் வாய் இவருக்குத் தெரிகிறது. அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கிறவளின் வாய் எங்கே தெரியும்? நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பாரே, அதை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்ட காலமும் உண்டு. காதையே வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

நேரே போய் என் வீட்டுக்காரர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "ஒங்களுக்குக் காது கேக்கலியா?"

வாயைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்தார். "கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. நாலஞ்சு வருசமா ரொம்ப மோசம்" என்றார்.

"ஏன் சொல்லல?"

"மில்லுல தெரிஞ்சா வேற எடத்துக்குத் தள்ளிருவாக. ஒங்கிட்டச் சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு. நீ நூறு மைலுக்கு அங்கிட்டு மூச்சு விட்டாலும் கேக்குதவ." பின் சுவர் ஸ்பீக்கர்களைக் கையால் காட்டினார். "மதுரத் தியேட்டர்ல பேசுனது அம்புட்டும் கேட்டுச்சு. வீட்லயும் அஞ்சு பக்கம் வச்சுக் கேட்டுப் பழகுனா, காது தெளிஞ்சு, நீ பேசுததும் பிடிபட்டுரும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. ஐந்து ஸ்பீக்கரும் எனக்காகத்தான் வாங்கியிருக்கிறார், கிறுக்கு மனிதர். தம்பியோ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, சுற்றின ஒயரையே அவிழ்த்து அவிழ்த்து மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தார். மகள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாருக்கும் காப்பி போட்டாள். திருநெல்வேலி மனுவை அன்றைக்கே கிழித்துவிட்டேன். மதுரையில் டாக்டரிடம் காட்டியதும், காதுக்கு மிஷின் வாங்கியதும் பிறகு நடந்தவை.

காப்பியைக் குடித்துவிட்டுத் தம்பி வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பின் சுவரில் இருந்த ரெண்டையும் கழற்றி, நாற்காலிக்கு இரு பக்கமும் காது உயரத்துக்குக் கொண்டுவந்தார். டிவி தலைமேல் இருந்ததை இறக்கி, நேரே இவர் முகத்தைப் பார்க்கத் திருப்பினார். சப்ஊஃபரைப் பாதி குறைத்தார். மழையைப் போட்டார். இவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்னவோ பொரியுத மாதிரி கேக்குது" என்றார். மழைதான் என்று மகள் அவர் எதிரில் போய் நின்று சொன்னாள்.

நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தம்பி பையைத் துழாவி ஒரு மைக்கை எடுத்தார். "யாருக்குக் கேக்கணும்னு அண்ணாச்சி மொதல்லயே சொல்லிட்டாக. யாரு பேசுததுன்னு நாந்தான் கேக்காம விட்டுட்டேன்" என்றார். ஒயரை நிலைப்படி ஓரமாக இழுத்து வந்து, அடுப்படியில் கடுகு டப்பா வரிசைக்குப் பக்கத்தில், நான் நிற்கிற உயரம் பார்த்து மைக்கை அடித்தார். மறுமுனையை ஆம்ப்ளிபயரில் செருகினார். ஹால் ஸ்பீக்கரிலிருந்து ஒகட்டி, ரெண்டு, மூடு என்று வந்தது. இவர் ஹாலிலிருந்து "நாலு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பேசுங்கக்கா."

ஆயிரம் பேருக்கு லைன் போட்டவளுக்கு வாய் வரவில்லை. என்ன பேச? மணி ஒன்றரை ஆகியிருந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் அடிவயிற்றிலிருந்து, "ஏங்க, சாப்பிட வாரீகளா?" என்று ஒரு சத்தம் போட்டேன். அஞ்சு ஸ்பீக்கரும் சேர்ந்து அலறின. அலமாரியில் டம்ளர் உருண்டது. எதிர் வீட்டிலிருந்து, "நாங்க இப்பத்தான்க்கா சாப்பிட்டோம்" என்று பதில் வந்தது.

தம்பி அடுப்படிக்குள் தலையை நீட்டினார். "ஏன்க்கா கத்துதீக? மெல்லப் பேசுங்க. அவியளுக்குக் கேக்குது."

மெல்லப் பேசுவது எப்படி என்று எனக்கு ஒரு நிமிடம் மறந்தே போய்விட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக் பக்கத்தில் போனேன்.

"சாப்பிட வாங்க" என்றேன்.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது.